கணக்கில் இருந்த மாடி

பல்லடம் தாண்டிப் போனால் கொழிஞ்சிப்பாளையம் என்றொரு ஊர் வரும். அந்த ஊரில் வீடு கட்டி முடித்தவர் என்று ஒருவரையும் காட்ட முடியாது, கட்டி நிறுத்தியவர்கள்தான் தெருவுக்குத் தெரு இருப்பார்கள். எந்த வீட்டை நிமிர்ந்து பார்த்தாலும் மொட்டைமாடியில் தூணுக்குத் தூண் நாலு கம்பி, ஆறு கம்பி வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். மகன் சம்பாதித்தால் ஒரு மாடி, மகளுக்குக் கல்யாணமானால் ஒரு மாடி, பனியன் கம்பெனியில் இன்னும் நாலு மிஷின் ஓடினால் அதற்கொரு மாடி என்று மனசுக்குள் கட்டிவிட்டுக் கம்பியை மட்டும் வெளியே விட்டுவைத்தவர்கள் அவர்கள். மகன் சம்பாதித்து வேறு ஊரில் வீடு வாங்குவான், மகள் கல்யாணமாகி வெளிநாடு போவாள், கம்பி துருவேறி நிற்கும். அதில் கொடி கட்டித் துணி காயப்போடுவார்கள்.

அந்தக் கம்பிகளில் பாதிக்குமேல் இஞ்சினியர் சாந்தாமணி கணக்குப் போட்டுக் கொடுத்தவை. கடைவீதியில் பெயிண்ட் கடைக்கு மேலே அவளுடைய ஆபீஸ். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவர் முழுக்கச் சுருட்டி வைத்த வரைபடங்கள். நாற்பத்தாறு வயசு, கண்ணாடி, சிரிக்காத முகம். வீடு எப்படி அழகாக இருக்க வேண்டும் என்று யாராவது ஆரம்பித்தால் அதற்கு வேறு ஆள் இருக்கிறார்கள் என்று எழுந்துவிடுவாள். அவள் பார்ப்பதெல்லாம் எலும்பு மட்டும்தான், தூண், பீம், தளம், அஸ்திவாரம். கட்டடம் விழக்கூடாது, விழாமல் நின்றாலும் தொய்ந்து விரிசல் விட்டு மனுசரைப் பயமுறுத்தக்கூடாது, இருபது வருசத்தில் கம்பி தெரியப் பல்லிளிக்கக்கூடாது, இந்த மூன்றையும் சாக்காக வைத்து அடுத்தவன் காசில் கோட்டை கட்டவும் கூடாது என்று வருகிற ஒவ்வொருவரிடமும் ஒப்பிப்பாள். தளத்தின் சொந்த எடை, அதன்மேல் வந்து உட்காரப் போகிறவர்களின் எடை, மழை, காற்று என்று எல்லாவற்றையும் கூட்டி, கூட்டியதை ஒன்றரையால் பெருக்குவாள். அந்த அரை எதற்கு என்று கேட்டால், வீட்டுக்காரர் பொய் சொல்லுவார், மேஸ்திரி மணலைக் கூட்டுவார், இரண்டு பேருக்கும் சேர்த்து அரை என்பாள்.

அந்த வருசம் ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. ஊரெல்லாம் நனைந்தது, சென்னியப்பனின் மொட்டைமாடி மட்டும் நனையவில்லை.

சென்னியப்பன் நூல் புரோக்கர், சொந்தமாகச் சின்னதொரு பனியன் கம்பெனியும் உண்டு. வடக்குத் தெருவில் தரையில் ஒரு வீடும் மேலே ஒரு மாடியும் கட்டி, அதற்குமேல் இன்னும் இரண்டு மாடி வரும் என்று சாந்தாமணியிடம் கணக்குப் போட்டு வாங்கி, வழக்கம்போலக் கம்பியோடு நிறுத்தி வைத்திருந்தார். அவர் மொட்டைமாடியில் அவருடைய சம்சாரம் பரப்பியிருந்த மிளகாய், மூன்று நாள் மழைக்குப் பிறகும் சலசலவென்று காய்ந்து கிடந்தது. மழை வந்தது, இருபதடி உயரத்தில் எதன்மேலோ விழுந்தது, நாலு ஓரமும் வழிந்து பக்கத்துக் காலி மனையில் கொட்டியது. பார்த்தவர்கள் யாரும் வாயைப் பிளக்கவில்லை. சிலருக்கு ஜாதகம் அப்படி என்று சொல்லிவிட்டுத் தங்கள் வீட்டு மிளகாயையும் மல்லியையும் அங்கே கொண்டுபோய்க் காயவைத்தார்கள்.

நாலாம் நாள் மத்தியானம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து இராசாங்கமும் அவன் மனைவி பேச்சியம்மாளும் ஒரு தகரப் பெட்டி, ஒரு அடுப்பு, இரண்டு சாக்கு மூட்டையோடு வந்து சேர்ந்தார்கள். பனியன் கம்பெனியில் அவன் தையல், அவள் செக்கிங்; வேலை கிடைத்துவிட்டது, வீடு கிடைக்கவில்லை. கொழிஞ்சிப்பாளையத்தில் வீடு கிடைக்காது என்பது உலகத்துக்கே தெரியும். சென்னியப்பனும் இல்லை என்றார். மழை விடும்வரை மாடியில் நின்றுகொள்ளட்டும் என்று அனுப்பி வைத்தார். பேச்சியம்மாள் காய்ந்த தரையில் மூட்டையை இறக்கிவிட்டு, அண்ணாந்து பார்த்தாள், கையை நீட்டிப் பார்த்தாள், கொஞ்ச நேரம் யோசித்தாள், பிறகு கீழே எட்டிக் கூப்பிட்டாள்.

"நனையலைன்னா மேல ஒரு தளம் கெடக்குன்னுதானங்க அர்த்தம். தளம் கெடந்தா அதுக்கு மேல ஒரு வீடு இருக்கும்ல. அதைக் குடுங்க, நாங்க இருந்துக்கிறோம்."

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. படிக்கட்டு மொட்டைமாடியோடு முடிந்துபோன இடத்தில், அதற்குமேல் ஒன்றுமில்லாத இடத்தில், காலைத் தூக்கி வைத்தாள். கால் நின்றது. அடுத்த காலை வைத்தாள். அப்படியே அடுப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பத்தடி ஏறி, வெறும் ஆகாயத்தில் இடமும் வலமும் நடந்து பார்த்து, காற்றோட்டமாக இருக்கிறது, ஆனால் சுவர் இல்லை என்று குறை சொன்னாள்.

சென்னியப்பன் ஆள் அனுப்பி சாந்தாமணியை வரவழைத்தார். அவள் வரைபடத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து, இல்லாத படியில் ஏறி, டேப்பை வைத்து அளந்து பார்த்தாள். படிக்கு ஆறு அங்குலம், அவள் எழுதிய அதே ஆறு. தூணுக்குத் தூண் பன்னிரண்டடி, அவள் எழுதிய அதே பன்னிரண்டு. ஆச்சரியம் என்று ஒன்று அவளுக்கு வரவில்லை, கணக்கு சரியாக இருந்ததில் ஒரு சந்தோசம்தான் வந்தது.

"கணக்குல இருக்கறது இருக்குதுங்கண்ணா," என்றாள். "நீங்க கட்டலை, அவ்வளவுதானுங்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எது இருக்கிறது எது இல்லை என்று யாருக்கும் குழப்பம் வரவில்லை. சாந்தாமணி வரைந்தது எல்லாம் இருந்தது, வரையாதது இல்லை. தளம் இருந்தது, கூரை இருந்தது, படி இருந்தது, தெருப்பக்கம் நீட்டிக்கொண்டு ஒரு பால்கனி இருந்தது. சுவர் வரைவது அவள் வேலை இல்லை என்பதால் சுவர் இல்லை. சேலையும் போர்வையும் கட்டிக்கொண்டார்கள். மழைநீர் தேங்கினால் எவ்வளவு எடை என்று அவள் எழுதியிருந்தாள், அதனால் மழை உள்ளே வராது. காக்காயைப் பற்றி எழுதவில்லை, அதனால் காக்காய் தளத்தின் ஊடாகக் கீழேயிருந்து மேலே பறந்து வந்து சாப்பிடுகிற இலைக்கு நடுவில் முளைத்து, அப்பளத்தைத் தூக்கிக்கொண்டு கூரை வழியாகப் போய்விடும். ஒரு வாரத்தில் அதற்கும் பழகிவிட்டார்கள். தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தால் மேலே இருப்பவர்களின் உள்ளங்கால் தெரிகிறதே என்று பேச்சு வந்தபோது, பேச்சியம்மாள் தளம் முழுக்கப் பாய் விரித்துவிட்டு, இனிமேல் நிமிர்ந்து பார்க்கிறவன் கண்ணில் மிளகாய்த்தூள் விழும் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். பிறகு யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீடு தேடி அலைந்துகொண்டிருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மொட்டைமாடியின் மேலே இரண்டாம் மாடியில் நாலு குடும்பம், அதற்குமேல் ஆகாயத்தில் மூன்றாம் மாடியில் நாலு குடும்பம், ஆக எட்டு குடும்பம், சிறிசும் பெரிசுமாக முப்பத்துமூன்று உருப்படி. பஞ்சாயத்து கிளார்க் வந்து பார்த்து, ரொம்ப யோசித்து, கதவு எண் எழுதினார். ஆனால் எழுதக் கதவு இல்லாததால் இராசாங்கத்தின் தகரப் பெட்டியில் எழுதிவிட்டு, பதிவேட்டில் அடைப்புக்குறிக்குள் 'இல்லை' என்று சேர்த்துக்கொண்டார். மின்சார ஆபீஸ்காரர், மீட்டரை எதில் மாட்டுவது என்று தடவிப் பார்த்துத் தூணைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றிக் கயிறு கட்டித் தொங்கவிட்டார். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் மட்டும் முறைத்துக்கொண்டே வந்தார், இருக்கிற மாடிக்கே லிஃப்ட் இல்லை, இல்லாத மாடிக்கு எவன் தூக்குவான் என்று.

ஒரு வீட்டில் நடந்தால் ஊரே சும்மா இருக்குமா. கம்பி நீட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் அவரவர் மொட்டைமாடியில் காலைத் தூக்கிப் பார்த்தார்கள். பால் சொசைட்டித் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாதஸ்வரக்காரரை வாசிக்கச் சொல்லி, இல்லாத படியில் வலது காலை வைத்தார்; வைத்த கால் அப்படியே இறங்கி ஆளும் குப்புற விழுந்து முன்பல் இரண்டு போனது. அவர் இஞ்சினியரிடம் போகாமல் மேஸ்திரியைக் கொண்டு ஒப்புக்குக் கம்பி நட்டவர் என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. கணக்கு வாங்கிவிட்டு அப்புறம் கம்பியைக் குறைத்துக்கொண்டவர்கள் வீட்டில் மாடி இருந்தது, ஆனால் நடந்தால் ஊஞ்சல்போல் ஆடியது. தூங்காத கைக்குழந்தை இருக்கிறவர்கள் தேடிப் போய் அங்கே குடியேறினார்கள். கல்யாணத் தரகர்கள் மாப்பிள்ளை வீட்டைப் பற்றிச் சொல்லும்போது கட்டியது ஒன்று, கட்டாதது இரண்டு என்று பிரித்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். கட்டாததற்குத்தான் மதிப்பு அதிகமாக இருந்தது, வெள்ளையடிக்கிற செலவு இல்லை என்று.

இதெல்லாம் சாந்தாமணியைக் கொண்டுபோய் எங்கே நிறுத்தியது என்று சொல்ல வேண்டும். கல்யாண வீட்டில் அவள் நுழைந்தால் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நின்றார்கள். அவள் கையெழுத்துப் போட்டால் எதுவும் விழாது என்று ஊர் முடிவு செய்துவிட்டது; கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், தொட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், நடக்கப் பழகுகிற பிள்ளையின் முதுகைத் திருப்பிக் காட்டி ஒரு கையெழுத்து கேட்டார்கள். முதலில் விரட்டினாள். அப்புறம் போட்டாள். அப்புறம், உண்மையைச் சொல்வதென்றால், யாரும் வராத நாளில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபது வருசமாகக் காகிதத்தில் எலும்பு வரைந்துகொண்டிருந்தவளுக்கு, கொஞ்சம் தலை கனத்துத்தான் போனது.

தை மாசம் பேச்சியம்மாள் ஆபீசுக்கு வந்தாள். எலுமிச்சம்பழம் உருளுகிறது என்றாள். தளத்தில் எங்கே வைத்தாலும் வடகிழக்கு மூலைக்குத்தான் ஓடுகிறதாம். பிள்ளைகள் அதை வைத்துப் பந்தயம் விளையாடுகிறார்களாம். விளையாட்டுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமே என்று வந்தாளாம்.

சாந்தாமணி, மட்டம் பார்க்க மேஸ்திரிகள் வைத்திருக்கிற தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு போய்த் தளத்தின் நாலு மூலைக்கும் பிடித்துப் பார்த்தாள். வடகிழக்கு மூலை முக்கால் அங்குலம் இறங்கியிருந்தது. கீழே வந்து தரைவீட்டில் அதே மூலை ஜன்னலை இழுத்தாள், அது சட்டத்தில் சிக்கிக்கொண்டு சாத்த வரவில்லை. சென்னியப்பனைக் கூப்பிட்டு, இந்த மூலையில் முன்னே என்ன இருந்தது என்று கேட்டாள். அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, எல்லாருக்கும் தெரிந்த விசயத்தைக் கேட்கிறாளே என்ற முகத்தோடு சொன்னார்.

"ஈசானி மூலைல எங்கப்பன் வெட்டுன கெணறு இருந்துச்சுங் அம்மிணி. தண்ணி வத்திப் போச்சு. நம்ம கம்பெனிக் கட்டிங் வேஸ்ட்டத்தனையும் போட்டு மூடி, மேல நல்ல செம்மண்ணு பரப்பிட்டனுங்."

வடகிழக்கில் கிணறு வெட்டுவது அந்தச் சீமையில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த சாஸ்திரம். அவள் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. முகூர்த்தம் நெருங்கிவிட்டது என்று சென்னியப்பன் அவசரப்படுத்த, மண்ணைத் தோண்டிப் பரிசோதனைக்கு அனுப்ப வாரம் ஆகும் என்று, பக்கத்து மனைக்கு எடுத்த மண் ரிப்போர்ட்டை எடுத்து இதற்கும் எழுதிவிட்டாள். பக்கத்து மனை பாறை. இந்த மூலைத் தூணோ அறுபதடி பனியன் துணிக் கழிவின்மேல் நின்றுகொண்டிருந்தது. அவள் பெருக்கிய ஒன்றரையில் வீட்டுக்காரரின் பொய்யும் மேஸ்திரியின் மணலும் அடங்கும், அவளே கேட்காமல் விட்டது அதில் அடங்காது.

மூன்று நாள் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. முப்பத்துமூன்று உயிர் மேலே இருக்கிறது என்று தெரிந்தும், காலையில் வாசலில் தொட்டிலோடு ஒரு புருசனும் பெண்டாட்டியும் நிற்க, அதற்கும் கையெழுத்துப் போட்டாள். மூன்றாம் நாள் குழாயைப் பிடித்தபோது மூலை ஒரு அங்குலம் தாண்டியிருந்தது. இரண்டு அங்குலம் போனால் தூணின் கழுத்து முறியும், தூண் முறிந்தால் இல்லாத மாடியும் இருக்கிற மாடியும் சேர்ந்து வந்துவிடும் என்று அவள் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் அதே விடைதான் வந்தது.

வழி இருந்தது. கிணற்றைத் தோண்டித் துணியையெல்லாம் எடுத்துவிட்டு அடியிலிருந்து காங்கிரீட் கொட்டிக்கொண்டு வரலாம். ஆனால் அதற்கு மேலே பாரம் இருக்கக்கூடாது. பாரம் என்றால் மனிதரும் கிரைண்டரும் மட்டுமில்லை. கணக்கில் இருக்கிற தளத்துக்குக் கணக்கில் இருக்கிற எடை உண்டு, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது மூலையை அழுத்திக்கொண்டுதான் இருக்கும். கட்டிய தளமென்றால் இடிக்கலாம். கட்டாததை எப்படி இடிப்பது என்று யோசித்து, மேற்குப் பக்கம் மூன்றாம் மாடியில் ஜன்னல் வர வேண்டிய இடத்துக்கு மேலே எழுதியிருந்த சின்ன சன்ஷேடு ஒன்றைக் கணக்குத் தாளில் பேனாவால் அடித்துப் பார்த்தாள். அதன்மேல் யாரோ வைத்திருந்த துளசித் தொட்டி நேராகத் தெருவில் வந்து விழுந்து உடைந்தது.

ஆக, அடித்தால் போய்விடும். அடிக்கும்போது மேலே ஆள் இருந்தால் ஆளும் போய்விடும். எல்லாரையும் இறக்க வேண்டும், இறக்கிய கையோடு அடிக்க வேண்டும்.

எட்டு குடும்பத்தையும் கூட்டி வைத்துச் சொன்னாள். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள், கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். பேச்சியம்மாள் சிரிக்கவில்லை, ஆனால் அவள்தான் எல்லாருக்காகவும் பேசினாள்.

"இல்லாத மாடியில நாலு மாசமாக் குடியிருக்கோம் இஞ்சினியரம்மா. தெரியாத கெணத்துக்கா பயப்படப் போறோம். நீங்க கையெழுத்துப் போட்டது விழுகாதுன்னு ஊரே சொல்லுது."

சாந்தாமணியின் புகழே அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்துகொண்டது. சென்னியப்பன், காலி பண்ணிவிட்டு வேறு ஆளுக்கு விடப் பார்க்கிறார் என்று தன்மேல் பழி வரும் என்று அவளைக் கண்ணால் அடக்கினார். தெருக்காரர்கள், ஒரு பெண்ணுக்குப் பேர் வந்தால் திருஷ்டியும் வரத்தான் செய்யும், மாரியம்மனுக்கு மாவிளக்குப் போடச் சொல்லுங்கள் என்றார்கள்.

மறுநாள் காலையில் சாந்தாமணி தானே மேலே போய், பேச்சியம்மாளின் அடுப்பைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினாள். திரும்பப் போய்க் குடத்தைத் தூக்கினாள். அதற்குப் பிறகு பக்கத்துக் குடித்தனக்காரரின் கிரைண்டர் கல்லைத் தூக்கி, மூன்றாம் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருசமாக எத்தனையோ டன் தூக்கியவள், எல்லாம் பேப்பரில். படித்த பொம்பளை கல்லைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல் குடித்தனக்காரர்கள் வந்து அவரவர் சாமானை அவரவர் தூக்கினார்கள். மத்தியானத்துக்குள் சட்டி பானை, பீரோ, டிவி எல்லாம் தெருவுக்கு வந்துவிட்டன. ஆள்களும் வந்தார்கள். அவள் பேனா எடுக்க ஆபீசுக்குப் போய்த் திரும்புவதற்குள், சாமான்தான் இறக்கியாகிவிட்டதே, பாரம் குறைந்துவிட்டதே என்று பாயை மட்டும் எடுத்துக்கொண்டு முப்பத்துமூன்று பேரும் மேலே போய்ப் படுத்திருந்தார்கள். மறுபடி கெஞ்சி இறக்கினாள். சாயங்காலம் தெருவில் சோறு பொங்கிச் சாப்பிட்டுவிட்டு, தூங்க மட்டும் போகிறோம், தூங்குகிற மனுசனுக்கு என்ன எடை என்று மறுபடி போய்விட்டார்கள். எடை என்பது நடக்கிறவனுக்கும் தூங்குகிறவனுக்கும் ஒன்றுதான் என்று அவள் படிக்கட்டில் நின்று சொன்னது அவர்களுக்கு எட்டவில்லை, எட்டினாலும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கீழ்வீட்டு மூலைத் தூணில் பூச்சு பெயர்ந்து பொத்தென்று விழுந்தது. குழாயைப் பிடித்தாள், ஒன்றே முக்கால்.

அவள் மேலே போனாள். கணக்கு நோட்டும் சிவப்புப் பேனாவும் எடுத்துக்கொண்டு, மூன்றாம் மாடியின் தெருப்பக்கப் பால்கனிக்குப் போய், விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தெருவின்மேல் தொங்கவிட்டாள். என்ன நடக்கிறது என்று பார்க்கத் தெருவே கூடிவிட்டது. அவள் உரத்துப் பேசிப் பழகியவள் இல்லை, அன்றைக்குப் பேசினாள்.

"இந்த மூலை என் தப்பு," என்றாள். "கெணறு இருந்துச்சான்னு நான் கேக்கலை. பக்கத்து மண்ணு நல்லா இருந்தா இதுவும் நல்லாத்தான் இருக்கும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். தொட்டில்ல போட்டேன், கட்டில்ல போட்டேன், அதெல்லாம் வெறும் மசி. எங் கையெழுத்து எதையும் தாங்காது. எல்லாரும் எறங்குங்க, நா இந்த மாடிய அடிக்கப் போறேன்."

தொட்டில் வைத்திருந்தவர்கள் தொட்டிலைப் பார்த்துக்கொண்டார்கள். பால் சொசைட்டித் தலைவர் மட்டும், இரண்டு பல் போன இடத்தில் காற்றை விட்டு, அப்படிப் போடு என்றார். அவள் உட்கார்ந்த இடத்திலேயே அடிக்கப் போகிறாள் என்பது முதலில் யாருக்கும் உறைக்கவில்லை. அடிக்கிறவள் முதலில் இறங்குவாள், இறங்கினதும் நாம் ஏறிக்கொள்ளலாம் என்ற நினைப்பில்தான் குடித்தனக்காரர்கள் இந்தத் தடவையும் இறங்கினார்கள். இறங்கித் தெருவில் நின்று, அவள் எப்போது இறங்குவாள் என்று பார்த்தார்கள். அவள் இறங்கவில்லை. மேலேயிருந்து விரலை நீட்டித் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

முப்பத்தொன்று வந்தது. மறுபடி எண்ணினாள். முப்பத்தொன்றுதான்.

இரண்டு பேர் குறைகிறார்கள். திரும்பிப் பார்த்தாள், தளம் காலியாக இருந்தது, கீழ்த்தளத்தைப் பாய் மறைத்திருந்தது. யார் என்று கத்திக் கேட்டாள். கீழே நின்றவர்கள் அப்போதுதான் அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள், எதை அடிக்கப் போகிறாள் என்று சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூலைத் தூணுக்குள் ஏதோ முறுக்கிக்கொள்கிற சத்தம் கேட்டது. அவள் பேனாவின் மூடி கழன்று தெருவில் விழுந்தது. முதல் தடவையாக, தான் போட்ட கணக்கின்மேல் தானே உட்கார்ந்திருக்கிறோம் என்று பயமாக இருந்தது.

அப்போது தாங்கள் வேலை பார்க்கிற எதிர்ப் பனியன் கம்பெனியின் கதவைத் திறந்துகொண்டு இராசாங்கமும் பேச்சியம்மாளும் வந்தார்கள். முன்னால் ஒருத்தரும் பின்னால் ஒருத்தருமாக ஒரு பெரிய பனியன் துணி ரோலைத் தோளில் சுமந்துகொண்டு வந்து, தெருவின் நடுவில் தொப்பென்று போட்டு உருட்டினார்கள். பேச்சியம்மாள் யாரையும் கேட்கவில்லை, நின்றவர்களைக் கையைப் பிடித்து இழுத்துத் துணியின் விளிம்பில் நிறுத்தினாள். துணியை இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள், சென்னியப்பனின் வெற்றிலையைத் தட்டிவிட்டு அவர் கையிலும் ஒரு ஓரத்தைத் திணித்தாள். எட்டு குடும்பம், தெருக்காரர்கள், சிலிண்டர் போடுகிறவர், பஞ்சாயத்து கிளார்க், தொட்டில்காரர்கள் எல்லாரும் பிடித்தார்கள். அத்தனை பேரும் அவளைத் திட்டிக்கொண்டுதான் பிடித்தார்கள். வீட்டைப் பிடுங்குகிறாளே என்று எட்டு குடும்பமும், கையெழுத்தை நம்பி ஏமாந்தோமே என்று மற்றவர்களும்.

முப்பத்துமூன்று என்று எண்ணி முடித்து, சாந்தாமணி கணக்கு நோட்டைத் தொடையில் வைத்து, இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி என்று எழுதியிருந்த இரண்டு வரியையும் சேர்த்து ஒரே கோடாக அடித்தாள்.

பாய்களும் சேலைகளும் மின்சார மீட்டரும் மொட்டைமாடியில் விழுந்தன. காலி மாடியில் வெயில் விழுந்தது. அவள் தெருவில் விழுந்தாள், முப்பதடி, நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. துணி அவளை வாங்கி, தொய்ந்து, இன்னும் தொய்ந்து, தார் ரோட்டுக்கு ஒரு சாண் உயரத்தில் நின்றது. சுற்றி நின்ற அறுபது எழுபது பேரும் ஒரே நேரத்தில் முட்டி மடங்கி முன்னால் குனிந்தார்கள். சிலர் மண்டியே போட்டுவிட்டார்கள். ஒருத்தரும் கையை விடவில்லை.

மூலைத் தூண் அதற்குமேல் இறங்கவில்லை.

சாந்தாமணி கண்ணைத் திறந்தபோது சுற்றிலும் முகங்கள் தெரிந்தன, இழுத்துப் பிடித்ததில் சிவந்து, நரம்பு புடைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு. அறுபத்தெட்டு கிலோ என்று அவளுக்குத் தன் எடை தெரியும். அது துணியிலிருந்து இந்தக் கைகளுக்குப் போய், கைகளிலிருந்து தோளுக்கும் இடுப்புக்கும் நடுங்குகிற முட்டிக்கும் போய், செருப்பில்லாத அந்தக் கால்கள் வழியாக மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருப்பதைப் படுத்த இடத்திலிருந்து பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை.

அவள் தலைமாட்டில் பேச்சியம்மாள் துணியை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தாள். விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. பின்னால் தெருவோரத்தில் அவளுடைய அடுப்பும் குடமும் தகரப் பெட்டியும் வெயிலில் கிடந்தன.

"எங்க வீட்டை எடுத்துட்டீங்க," என்றாள்.

"ஆமா," என்றாள் சாந்தாமணி.

"அதை அப்பறம் பேசிக்கிருவோம். மொதல்ல எறங்குங்க, கை கடுக்குது."

சாந்தாமணி புரண்டு, உட்கார்ந்து, துணியின் விளிம்புக்குத் தவழ்ந்து வந்து ஒரு காலைக் கீழே வைத்தாள். அவளுடைய இரண்டு காலும் தரையில் ஊன்றும்வரை ஒருத்தரும் துணியை விடவில்லை.